மடிக்கணினிச் செயலியின் மின்னழுத்தத்தைக் குறைக்கும்போது

கோடை விடுமுறைக்கு முந்தைய வாரங்களில், தாம்பரம் வெயிலில் என் சொந்த மடிக்கணினி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. சூட்டைக் குறைக்க, ஒரு மென்பொருள் மூலம் செயலியின் மின்னழுத்தத்தை ஒரேயடியாக 120 மில்லிவோல்ட் குறைத்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும்போது நீலத்திரை வந்து நின்றது. சேமிக்காத மதிப்பெண்களை விடைத்தாள்களைப் பார்த்து மீண்டும் பதிய வேண்டியதாயிற்று.

செயலி இயங்கும்போது செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதே வேகத்தில் 1 வோல்ட்டை 0.9 ஆக்கினால் அத்திறன் 0.81 மடங்காகும், அதாவது 19 விழுக்காடு மிச்சம். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் நிலை மாறக் கூடுதல் நேரம் எடுக்கும். அடுத்த கடிகாரத் துடிப்புக்குள் மாறி முடிக்காவிட்டால் கணக்கீடு பிழையாகும். கணினி நின்றுபோவது இதனால்தான். நிற்காமலே தவறான எண்ணைப் பதிந்துவிடுவது அதைவிட ஆபத்து.

இந்நிலை வந்தால், பாதுகாப்பு முறையில் கணினியைத் தொடங்கி, அம்மென்பொருள் தானாக இயங்குவதை நிறுத்துங்கள். பயாஸில் மாற்றியிருந்தால் இயல்பு அமைப்புக்குத் திரும்புங்கள். பிறகு 10 மில்லிவோல்ட் வீதம் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள். கடும் வேலை மட்டும் கொடுத்தால் போதாது. சும்மா இருக்கும்போதும், உறக்க நிலையிலிருந்து எழும்போதும் கவனியுங்கள். பிழை தெரிந்தால் 20 மில்லிவோல்ட் பின்வாங்குங்கள். ஒரே மாதிரிச் செயலிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறர் சொன்ன எண் நமக்குப் பொருந்தாது.

சில கணினிகளில் இந்த அமைப்பே பூட்டியிருக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்துப் பாதுகாக்கப்பட்ட தரவைத் தாக்கும் 'பிளண்டர்வோல்ட்' முறை 2019 டிசம்பரில் வெளியானபின், இன்டெல் தந்த புதுப்பிப்புகள் இவ்வசதியை அடைக்க வழிசெய்தன. பழைய பயாஸை நிறுவி அதைத் திறக்க முயலாதீர்கள்.

பள்ளிக்கு வழங்கப்பட்ட கணினிகளில் இதைச் செய்யவே வேண்டாம். விசிறியின் தூசியை அகற்றுங்கள்; விண்டோஸ் மின்திட்டத்தில் செயலியின் உச்ச அளவை 99 விழுக்காடாக்குங்கள். பெரும்பாலான கணினிகளில் இது கூடுதல் வேகத்தை நிறுத்திச் சூட்டைத் தணிக்கும். தூசி நீக்கிய பிறகு, என் கணினிக்கு 50 மில்லிவோல்ட் குறைத்ததே போதுமானதாக இருந்தது. எதைத் தொடுவதற்கு முன்பும் மாணவர்களின் மதிப்பெண்களை வேறோர் இடத்தில் சேமித்துவிடுங்கள்.