ஹால் டிக்கெட்டும் அட்டெண்டன்ஸும்

டிப்ளமா முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து, அப்புறம் அமெரிக்காவில் எம்.எஸ். இந்தக் கனவு நம் ஹாஸ்டலில் அறைக்கு ஒருவருக்காவது உண்டு. என் பெரியப்பா மகனும் இதே வழியில் போனவர்தான். அவர் பட்ட பாட்டிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் தடவை அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டே நிமிடக் கேள்வி. '214(பி)' என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. வயலை அடமானம் வைத்திருந்த பெரியப்பா இடிந்து போனார். அந்தச் சட்டப்பிரிவின் பொருள் இதுதான்: விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட வருபவர் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. அப்பீல் கிடையாது. ஆனால் மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஏன் இந்தப் படிப்பு, யார் செலவு செய்கிறார், முடித்து என்ன செய்வேன் என்று அண்ணன் அடுத்த முறை தெளிவாகச் சொன்னார்; கிடைத்தது. பொய்ச் சான்றிதழ் மட்டும் கூடவே கூடாது. அது வாழ்நாள் தடையில் கொண்டுபோய் விடும்.

விசா வந்தாச்சு, இனி என்ன கவலை என்கிறீர்களா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விசா என்பது ஹால் டிக்கெட் மாதிரி, உள்ளே நுழைய. உள்ளே போன பிறகு 'எஃப்-1 ஸ்டேட்டஸ்' என்று ஒன்று உண்டு. அது அட்டெண்டன்ஸ் மாதிரி. முழுநேரப் பாடங்களை எடுக்கணும், அனுமதியில்லாமல் வேலை பார்க்கக் கூடாது. கல்லூரியில் இதற்கென்றே உள்ள அதிகாரி (டி.எஸ்.ஓ. என்பார்கள்) 'செவிஸ்' என்ற அரசுக் கணினிப் பதிவில் இதையெல்லாம் ஏற்றுவார்.

அண்ணனுக்கு குடல்வால் ஆபரேஷன் ஆனது. முடியாமல் இரண்டு பாடங்களை விட்டுவிட்டார். டாக்டர் சான்றிதழோடு முன்கூட்டியே கேட்டிருந்தால் டி.எஸ்.ஓ.வே அனுமதி தந்திருப்பார். இவர் கேட்கவில்லை. பதிவு ரத்தாகி, ஸ்டேட்டஸ் போச்சு. வீட்டுக்கும் சொல்லாமல் மூன்று மாதம் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

இழந்ததைத் திரும்பப் பெற இரண்டு வழி. ஒன்று, நம்ம கன்டொனேஷன் மாதிரி: டி.எஸ்.ஓ. பரிந்துரைத்த புது ஐ-20 படிவத்தோடு ஐ-539 விண்ணப்பம் போடுவது. பொதுவாக ஐந்து மாதத்துக்குள் போடணும். தவறு நம் கையை மீறியதாகவோ, டி.எஸ்.ஓ. அனுமதித்திருக்கக் கூடியதாகவோ இருக்கணும். திருட்டு வேலை பார்த்திருக்கக் கூடாது. இரண்டாவது, ரீ-அட்மிஷன் மாதிரி: நாட்டை விட்டு வெளியேறி, புது ஐ-20 வாங்கி, புதிதாக நுழைவது. இதில் பழைய விசா செல்லாமல் போகலாம். செய்முறைப் பயிற்சி அனுமதிக்கான ஓராண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனதால் அண்ணன் நாலாம் மாதம் டி.எஸ்.ஓ.வைப் பார்த்தார். முதல் வழியில் போட்டார். முடிவு வரும் வரை படித்தார், ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கவில்லை. கடைசியில் ஸ்டேட்டஸ் திரும்பியது. இன்னும் இரண்டு மாதம் மறைத்திருந்தால்? பெரியப்பாவின் வயலை நினைத்தாலே பகீரென்கிறது.

நம் தவறே இல்லாமலும் வரலாம். 2025 மார்ச், ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென ரத்தாயின. பலர் நீதிமன்றம் போனார்கள்; ஏப்ரல் 25 அன்று பதிவுகளைத் திரும்பச் சேர்ப்பதாக அரசு நீதிமன்றத்தில் சொன்னது. விசாவே ரத்தானால், வெளியே போனவர் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. உள்ளே இருப்பவர்மீது வெளியேற்ற நடவடிக்கைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அதனால் பயந்துபோய் ஏர்போர்ட்டுக்கு ஓடாமல் முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கணும்.

தோழர்களே, அட்டெண்டன்ஸ் குறைந்தால் நாம் எச்.ஓ.டி. கண்ணில் படாமல் சுற்றி வருவோம் இல்லையா? அந்தப் பழக்கத்தை விமானம் ஏறும் முன்பே இங்கேயே விட்டுவிட்டுப் போவோம்!