நின்றுபோன ஹெரால்டு

திருவனந்தபுரத்தில் பழைய கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சற்று நேரத்தில் கவடியார் அரண்மனையின் பென்ஸ் வந்துவிடும். திருவிதாங்கூர் அரச குடும்பத்து உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 அது. சிஏஎன் 42 என்ற எண் ஊருக்கே பாடம். லட்சக்கணக்கான மைல் ஓடிய வண்டி என்பதால் கார் கம்பெனியே அதற்குப் பதக்கங்கள் கொடுத்திருக்கிறது. 2013 டிசம்பரில் அவர் மறையும்வரை அந்தக் காரை விற்க அவருக்கு மனம் வரவில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தக் கதையைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். மீட்டரைப் பார்த்து, “கம்மியாத்தான் ஓடியிருக்கு” என்று மகிழ்ந்துபோய் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஊரில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: எத்தனை வருடம் ஓடாமல் நின்றது? எங்கே நின்றது? வருடத்தில் இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம். மீதி நாளெல்லாம் கடற்காற்றின் ஈரம். சங்குமுகம், வலியதுறைப் பக்கம் தென்னையடியில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திய வண்டிக்கு ஓட்டத்தால் வரும் தேய்மானத்தைவிட நிற்பதால் வரும் கேடுதான் அதிகம். மேலும் அந்தக் காலத்து மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதை நம்பி விலை பேசுவதில் அர்த்தமே இல்லை.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ‘அது குடும்பக் கார்தானே, ஸ்போர்ட்ஸ் காரா?’ என்று முகம் சுளிக்க வேண்டாம். பிரிட்டனில் 1959இல் வந்த டிரயம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். இரண்டையும் வரைந்தவர் ஒரே இத்தாலியர், ஜொவான்னி மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாராகவில்லை. ஆனால் அதன் தாய் 1961 முதல் சென்னையில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில், 948 சிசி என்ஜினோடு தயாரானது. சோழவரம் ஓடுபாதைப் பந்தயங்களில் ஃபியட்டுக்கு எதிராக ஹெரால்டும் இறங்கியிருக்கிறது. அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்பிட்ஃபயருக்கும் பொருந்தும். உதிரிபாகமும் பல இடங்களில் ஒன்றேதான், பிரிட்டனில் இன்றும் கிடைக்கிறது.

ஹெரால்டை ஆராய்வதில் ஒரு பெரிய சௌகரியம், அதன் பானெட். முன் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்முன்னே. டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இதைப்போல வசதி தந்த கார் அதற்குப் பின் நம் சாலைகளில் வரவில்லை என்பது என் கருத்து.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சாவி போட்டு ஸ்டார்ட் செய்துபார்க்கக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். பல மாதம் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவரிலிருந்த ஆயில் வடிந்துபோய், பிஸ்டன் ரிங்குகள் துருவோடு ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டாரால் முரட்டுத்தனமாகச் சுற்றினால் ரிங் உடையலாம். பிளக்குகள் நான்கையும் கழற்றி, துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளினால் என்ஜின் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். பின்னால் ஸ்டார்ட் செய்யும்போது, கிளட்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரவென்றால் பயப்பட வேண்டியதில்லை. ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது பெரும்பாலும் விடுபட்டுவிடும். வயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்பதையும் பேட்டரி மாட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்குகள் வெளியே இருக்கும்போதே கம்ப்ரெஷன் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். துளையில் கேஜைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று தெரியும். எண் பெரிதா சிறிதா என்பதைவிட நான்கும் ஒத்துப்போகின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறவில்லையென்றால் கசிவது வால்வு வழியாக. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்தாற்போல் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் ஆயில் மூடியின் உட்புறத்தில் தண்ணீர் கலந்த வெளுத்த மோர்க்குழம்பு நிறத்துப் பசை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த என்ஜினுக்கே உரிய ஒரு நோய் உண்டு. கிராங்க்‌ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைப்பவை பின்பக்க மெயின் பேரிங்கிலுள்ள அரைவட்டத் தகடுகள், த்ரஸ்ட் வாஷர். ஒவ்வொரு தடவை கிளட்சை மிதிக்கும்போதும் அந்த அழுத்தம் முழுதும் இவற்றின்மேல்தான் விழுகிறது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே காத்திருக்கும் பழக்கமுள்ள ஆள் பல வருடம் ஓட்டியிருந்தால் இவை தேய்ந்து மெலிந்து, கடைசியில் கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அதன்பின் கிராங்க் நேரடியாக என்ஜின் பிளாக்கை அரைக்கத் தொடங்கும். பிளாக்கே போச்சு. இதைக் கண்டுபிடிக்கக் காசு ஒன்றும் செலவில்லை. பானெட்டைக் கவிழ்த்துவிட்டு, என்ஜின் முன்னாலிருக்கும் கிராங்க் புல்லியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தபடி நீங்கள் குனிந்திருக்க, இன்னொருவர் கிளட்சை மிதித்து விடட்டும். இருக்கவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி புல்லி முன்னே பின்னே போய்வந்தால் அந்த என்ஜினை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். வாஷர் இன்னும் விழாமலிருந்தால், சம்ப்பைக் கழற்றிப் புதிது போடுவது சின்னச் செலவு.

அடுத்தது முன் சக்கரம். இதில் ஆள் தப்புவதே பெரிது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டிலும் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது வெண்கலத்தாலான ட்ரன்னியன் என்ற கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் இந்த மரைதான் திரும்புகிறது. இதற்கு விடவேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். ஆனால் நம் ஒர்க்‌ஷாப் பையன்களுக்கு நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்தான் கையில் வரும். கிரீஸ் அடிமரைவரை இறங்காது. அங்கே மழைத்தண்ணீர் தங்கி இரும்புத் தண்டு துருப்பிடித்து மெலிகிறது. ஒருநாள், பெரும்பாலும் மெதுவாக வண்டியை ஒடித்துத் திருப்பும்போது, பட்டென்று முறிந்து சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் சக்கர பேரிங்தான் காரணம். அப்போதும் ஆடினால் ட்ரன்னியனோ மேலேயுள்ள பால் ஜாயின்டோ போயிருக்கிறது. என்னைக் கேட்டால், நின்றிருந்த வண்டி என்றால் ஆட்டம் இல்லாவிட்டாலும் இரண்டு பக்கமும் கழற்றி மரையைக் கண்ணால் பார்க்காமல் தெருவில் இறக்கக் கூடாது.

பிரேக் பற்றிச் சுருக்கமாக: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், ரப்பர் வாஷர்கள் காய்ந்திருக்கும். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்காவது ஓரிடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். எனவே சோதிப்பதெல்லாம் வேண்டாம், ரப்பர் அத்தனையையும் மாற்றிவிடுங்கள். டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதோடு, பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பார்வைக்குப் புதுசாக இருந்தாலும் அது கிழட்டு டயர்.

துருவுக்கு வருவோம். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பாடி துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியது. கதவுக்கடியில் ஓடும் சில் துருப்பிடித்திருந்தால் அசிங்கம், அவ்வளவுதான். கழற்றி மாற்றலாம். ஸ்பிட்ஃபயரில் அப்படி இல்லை. அங்கே சில்தான் வண்டிக்குப் பலம் தருகிறது, அது அரித்திருந்தால் நடுவில் தொய்ந்துவிடும். ஹெரால்டில் உயிர்நிலை சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள். அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், அரித்த இடம் பொத்தென்று ஒலிக்கும். தார்போல அடிக்கோட் புதிதாக அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். மேல்பாடியில் டிங்கரிங் செய்து பட்டி போட்டு மறைத்திருப்பார்கள். துணியில் சுற்றிய சிறு காந்தத்தை ஓட்டினால் பட்டி தடிமனாக உள்ள இடத்தில் பிடிக்காது. கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இல்லையென்றால் சேஸிஸ் வளைந்திருக்கலாம், அல்லது யாரோ அவசரத்தில் மாட்டியிருக்கலாம். ஷிம் தகடுகளைக் கழற்றிப் போட்டுப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும்.

பின்பக்கம் குறுக்கே ஒரே பிளேட் செட்டுதான், ஆக்சில் இரண்டும் டிஃபரென்ஷியலிலிருந்து சிறகுபோல மேலும் கீழும் ஆடும். பின்னாலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கி அதிகம் சாய்ந்திருந்தால் பிளேட் தளர்ந்துவிட்டது. ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே பார்த்தால் நேரெதிராக, அடிப்பகுதி உள்ளே மடங்கி நிற்கும். அது கோளாறு இல்லை. வண்டியைச் சில அடி உருட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாடு நம் மெக்கானிக்குகளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் கம்பெனி இதைக் கைவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்சிலுக்குப் போய்விட்டது. இரண்டு வண்டிகளும் வெளித்தோற்றத்தில் உறவுக்காரர்கள் என்பதால், வாங்கியது எது என்பதை அடியில் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

பெட்ரோல் விஷயம் புதிய தலைவலி. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு போய்விட்டது. அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைக் காத்துவந்தது. இப்போது அந்த இடம் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது. டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் இதுதான் காரணம், கடினமான வால்வு சீட் பதிக்க வேண்டியிருக்கும். இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். அரைகுறையாக நிரம்பிய டேங்கில் தண்ணீர் அடியில் பிரிந்து நின்று துருவை வளர்க்கும். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரமையும் அது ஊறவைத்துப் பதம் கெடுக்கும். ஹோஸ் வெடித்து சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் சொட்டினால் வண்டி எரிந்துபோகும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இவ்வளவும் ஆனபிறகு ஸ்டார்ட் செய்யலாம். ஸ்டார்ட் ஆன உடனே ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுபோனால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. மிதிக்க மிதிக்க நீலமாகவே வந்தால் ரிங். கறுப்பாக வந்தால் கார்புரேட்டரைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது.

காகிதத்திலும் ஒரு வேலை இருக்கிறது. ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 50 வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத தனியார் வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. ஓட்டத்தான் வாங்கினேன் என்பவர் இதற்குப் போகாமல் வழக்கமான புதுப்பித்தலில் இருப்பதே மேல்.

முதல் ஓட்டத்துக்கு வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார்வரை நேர் ரோடு போதும். ஸ்டியரிங்கை லேசாக விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் துள்ளி வெளியே வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அவசரப்பட வேண்டாம். ஏறுவதில் சிக்கலில்லை. இறங்கும்போது வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பாரம் முன்னே போய்ப் பின்பக்கம் எழும்பும். அந்தச் சிறகு ஆக்சிலில் பின்சக்கரங்கள் உள்ளே மடங்கி, வால் வீசிவிடும். பின்சீட்டில் யாருமில்லாமல் தனியாகப் போகும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன்பே குறைத்து, இரண்டாம் கியருக்கு இறக்கி, வளைவு முடியும்வரை ஆக்சிலேட்டரில் லேசாகக் காலை வைத்திருங்கள்.