மரங்களை எண்ணினால் போதுமா?

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் மணப்பாறையைக் கடந்தால் வையம்பட்டி வரும். அங்கிருந்து மேற்கே நோக்கினால் கடவூர் மலைகள் தெரியும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில், மலை முதல் சாலை வரை எங்கும் பச்சை நிறமே.

ஆனால் அந்தப் பச்சை முழுவதும் ஒரே வகையானது அன்று. மலைச் சரிவில் உசில், வெப்பாலை, வெள்வேல், ஆத்தி, கிளுவை எனப் பல மரங்கள் கலந்து நிற்கின்றன. உழவு நின்று போன புன்செய்களிலும் ஏரி உட்புறங்களிலும் வளர்ந்திருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேல் ஒன்றே. தொலைவிலிருந்து காண்பவருக்கு இரண்டும் காடுதான். கிட்டச் சென்று மரங்களின் பெயரைக் கேட்பவருக்கே வேறுபாடு விளங்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சேர்ந்த 11,806 ஹெக்டேர் காடு, கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென ஏற்பட்ட இந்தியாவின் முதல் சரணாலயம் இதுவே. அதே ஆண்டில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. பரப்பை மட்டும் அளந்தால் சீமைக்கருவேல் புதரும் கணக்கில் சேர்ந்துவிடலாம். அழிந்த காடு உண்மையிலேயே மீண்டு வருகிறதா என்று எப்படி அறிவது? அதற்கான வழியே மர இனக் கணக்கெடுப்பு.

கயிறும் அளவு நாடாவும்

ஒரு காட்டின் எல்லா மரங்களையும் எண்ண இயலாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது போல, காட்டில் சில சதுரங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றில் உள்ள மரங்களை மட்டும் ஆராய்கிறார்கள். பத்து மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் கயிற்றால் வளைத்துக்கொள்ளலாம். இத்தகைய நூறு சதுரங்கள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். மரங்கள் செழித்த இடமாகப் பார்த்துச் சதுரம் போடக் கூடாது. வரைபடத்தில் முன்கூட்டியே இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே என்ன இருந்தாலும் அளக்க வேண்டும்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நம் மார்பளவில், அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளக்கிறார்கள். சுற்றளவு 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மரம் எனக் கொள்வது ஒரு வழக்கம். அதற்குக் குறைந்த கன்றுகளைத் தனியே குறிக்கிறார்கள். ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகடு கட்டப்படுகிறது. அடுத்த முறை வரும்போது அதே மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா?

பெயர் அறிவதே பெரும் பணி

அளப்பது எளிது, மரம் இன்னதென்று அறிவதே கடினம். நம் வறண்ட காடுகளில் கோடையில் பல மரங்கள் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஆகையால் மழைக்காலத்திற்குப் பின் இலை நிறைந்திருக்கும் மாதங்கள் இப்பணிக்கு ஏற்றவை. பட்டையின் நிறம், பால் வடிகிறதா, இலையின் மணம் யாது என்பனவும் துணை செய்யும். ஆடு மேய்ப்பவர்கள் ஒரு கிளையைக் கண்டே பெயர் சொல்லிவிடுவார்கள். ஆயினும் ஒரே மரத்திற்கு ஊருக்கு ஒரு பெயர் வழங்குவதால், இலையும் பூவும் உள்ள கிளையைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாவர நூல்களுடன் ஒப்பிட்டே அறிவியற் பெயரை உறுதி செய்ய வேண்டும்.

இத்துறையில் திருச்சிக்குத் தனிச் சிறப்பு உண்டு. தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் உலர்தாவரச் சேகரத்தை நிறுவியவர் அருட்தந்தை கே. எம். மாத்யூ. அவரும் அவருடைய குழுவினரும் நம் சமவெளிகளிலும் கிழக்கு மலைகளிலும் அலைந்து திரட்டிய செய்திகள், தமிழ்நாடு கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெரும் நூல் தொகுதிகளாக 1980-களில் வெளிவந்தன. இப்பகுதி மரங்களுக்குப் பெயர் காண்போருக்கு அவை இன்றும் கைவிளக்கு.

ஒரு சிறு கணக்கு

பட்டியல் தயாரானபின் அதை எப்படிப் படிப்பது? எடுத்துக்காட்டாக இரண்டு சதுரங்களைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் நூறு மரங்கள்; இரண்டிலும் பத்து இனங்கள். முதல் சதுரத்தில் இனத்திற்குப் பத்து மரம். இரண்டாவதில் ஓர் இனமே 91 மரம். மற்ற ஒன்பது இனங்களுக்கும் ஒவ்வொரு மரமே. மரங்களை எண்ணினாலும் இனங்களை எண்ணினாலும் இரண்டும் சமமே!

இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒரு மரத்தைத் தொடுங்கள். பின்னர் மற்றொரு முறை தொடுங்கள். இரண்டும் வெவ்வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு முதல் சதுரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. இரண்டாவதில் நூற்றுக்குப் பதினேழே. இதுவே சிம்சன் குறியீடு என்னும் அளவையின் கருத்து. சீமைக்கருவேல் மண்டிய நிலம் இரண்டாம் சதுரத்தை ஒத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய மரங்களின் கீழே முளைத்திருப்பவை எவை? வேம்பு, உசில், வெப்பாலைக் கன்றுகள் இருந்தால், பறவையும் காற்றும் விதை கொணர்கின்றன. காடு மீள்கிறது எனலாம். சீமைக்கருவேல் கன்றுகளே இருந்தால், எத்தனை பச்சையாகத் தோன்றினாலும் பழைய காடு அங்கே திரும்பவில்லை.

முதுமலையும் வரகளியாறும்

ஒருமுறை எண்ணுவது புகைப்படம் போன்றது. மாற்றத்தை அறியத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுகுமார் குழுவினர் 1988-89-இல் முதுமலையில் 50 ஹெக்டேர் நிலத்தை நிலையான ஆய்வுக்களமாக்கினர். ஒரு செ.மீ. விட்டமுள்ள செடி முதல் பெருமரம் வரை 25,000-க்கு மேற்பட்டவை குறிக்கப்பட்டன; இனங்கள் எழுபதுக்குச் சற்று மேல். ஆண்டுதோறும் எது மடிந்தது, எது புதிதாக வந்தது எனப் பதிவு செய்தனர். கிடியா என்னும் மரம் முதலில் ஏராளமாக இருந்தது. யானைகள் அதை விரும்பி ஒடித்துத் தின்றதால் அதன் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. ஒருமுறை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

மழை மிகுந்த காடுகளின் கணக்கு வேறு. ஆனைமலையின் வரகளியாற்றில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் 30 ஹெக்டேரில் 148 இனங்களைக் கண்டனர். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் 25 ஹெக்டேரில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஆகவே கடவூரைச் சிங்கராஜவுடன் ஒப்பிடுவது பொருந்தாது. மறுவளர்ச்சிக் காட்டை அதே மழையும் மண்ணும் உடைய இயற்கைக் காட்டுடன்தான் ஒப்பிட வேண்டும்.

மீள எத்தனை ஆண்டுகள்?

அமெரிக்க வெப்பமண்டல நாடுகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் 77 இடங்களில் மறுவளர்ச்சிக் காடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2021-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மண்ணின் வளம் பத்தாண்டுக்குள் ஏறத்தாழப் பழைய நிலையை அடைகிறது. இனங்களின் எண்ணிக்கை மீள 25 முதல் 60 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பழைய காட்டில் இருந்த அதே இனங்கள் அதே விகிதத்தில் திரும்ப 120 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். இவை நம் நாட்டுக் கணக்குகள் அல்லவெனினும், வரிசை நமக்குப் பாடமாகும். பச்சை விரைவில் வரும். பழைய இனங்கள் மெல்லத்தான் வரும். அவை வருவதற்கும், விதை தரும் இயற்கைக் காடு அருகில் எஞ்சியிருக்க வேண்டும். கடவூர்ச் சரிவுகளைக் காப்பது, வையம்பட்டிப் பக்கத்துத் தரிசுகளுக்கு விதைக் களஞ்சியத்தைக் காப்பதாகும்.

மாணவர்களே, காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் ஊர்ப் புறம்போக்கிலோ, கோயில் தோப்பிலோ, பள்ளித் திடலின் ஓரத்திலோ இந்தக் கணக்கை இன்றே தொடங்கலாம். ஒரு கயிறு, ஒரு தையல் நாடா, ஒரு குறிப்பேடு போதும். ஊர்ப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று மரங்களின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். நாளும் ஆண்டும் குறித்து அந்த ஏட்டைப் பள்ளியில் வைத்துவிடுங்கள். ஐந்தாண்டு கழித்து அதே சதுரத்தை அளக்க வரும் மாணவருக்கு, நீங்கள் எழுதிய பட்டியலே முதல் ஆதாரமாக இருக்கும்.