சிப்புக்குள் ஒரு தலையாட்டி பொம்மை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வை-ஃபை லிஸ்ட்டைத் திறந்தால் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் வரிசையாகத் தெரியும். இத்தனை சிக்னலில் நம்முடையதை மட்டும் கம்ப்யூட்டர் எப்படிப் பிடிக்கிறது என்று தஞ்சாவூர் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அந்த வேலையைச் செய்வது வை-ஃபை சிப்புக்குள் இருக்கும் ஆஸிலேட்டர்.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய ரேடியோவே போதும். டெல்டாக்காரர்களுக்கு ரேடியோ புதிதல்லவே! 1960களில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி தஞ்சை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்க, ரேடியோ தனக்குள்ளேயே 1391 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றை உருவாக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 455 கிலோஹெர்ட்ஸ். உள்ளே இருக்கும் ஃபில்டர்கள் அந்த ஒன்றைத்தான் உள்ளே விடும். குமிழைத் திருகும்போது ஆஸிலேட்டரின் அலைதான் மாறுகிறது. ரேடியோ மெக்கானிக்கிடம் கேட்டால் சிவப்புத் தலை காயிலைக் காட்டுவார்.

வை-ஃபையில் சேனல் 6 என்றால் 2437 மெகாஹெர்ட்ஸ். பல சிப்புகளில் ஆஸிலேட்டர் இதன் இரு மடங்கில், அதாவது 4874 மெகாஹெர்ட்ஸில் ஓடும். பிறகு அதைப் பாதியாக்கிக்கொள்வார்கள். நம் ரேடியோவைப் போல ஏறக்குறைய 3,500 மடங்கு வேகம். ஆனால் சப்ளை சுமார் 1 வோல்ட்தான். சிக்கலே இங்குதான்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைத் தட்டினால் சிறிது நேரம் ஆடி நின்றுவிடும். சரியான நேரத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் நிற்காது. சிப்பில் ஆடுவது காயிலும் கெப்பாசிட்டரும். தட்டிவிடுவது எதிரெதிராக இணைத்த இரண்டு டிரான்சிஸ்டர்கள். காயில் என்றாலும் கம்பிச்சுற்று கிடையாது, சிப்பின் மேல் கோலம்போல் வரைந்த உலோகக் கோடு. அடியில் உள்ள சிலிக்கான் சக்தியை உறிஞ்சுவதால் ஆட்டம் சீக்கிரம் அடங்கப் பார்க்கும்.

பொம்மை அகலமாக ஆடினால் ஃபேன் காற்று அதைப் பாதிக்காது. லேசாக ஆடினால் தாளம் தப்பும். சிப்பில் அந்தக் காற்று, டிரான்சிஸ்டர்களின் இரைச்சல். வோல்டேஜ் குறைந்தால் ஆட்டமும் சிறிதாகும், தாளம் தப்பும், அலை ஓரங்களில் கசியும். பக்கத்து ரவுட்டரின் பலமான சிக்னல் அந்தக் கசிவோடு கலந்து நம் சேனலின் மேல் வந்து விழும்.

வோல்டேஜைக் கூட்டலாமே என்பீர்கள். இன்றைய டிரான்சிஸ்டர்களின் இன்சுலேஷன் படலம் சில நானோமீட்டர்தான், கூட்டினால் பொத்துக்கொள்ளும். அதனால் டிசைன் செய்பவர்கள் சப்ளையைக் காயில் வழியாகவே தருகிறார்கள். காயில் சக்தியைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தருவதால் ஆட்டம் சப்ளைக்கு மேலேயும் போய் வரும். 2005இல் ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டு காயில்களை டிரான்ஸ்ஃபார்மர்போல் இணைத்து, 0.35 வோல்ட்டில் 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை ஓட்டிக் காட்டினார்கள். டிரான்சிஸ்டர் 'ஆன்' ஆவதற்கே 0.52 வோல்ட் தேவைப்படும் சிப் அது! என்னைக் கேட்டால், கிகாஹெர்ட்ஸ் போட்டியைவிட இதுதான் பெரிய வித்தை.

நம் கையில் இருப்பது ரவுட்டர் செட்டிங்ஸ். அலையின் கசிவு தள்ளிப்போகப் போகக் குறையும். எனவே பக்கத்து வீட்டில் சேனல் 6 பலமாக இருந்தால் உங்களுடையதை 1 அல்லது 11க்கு மாற்றிவிட்டு ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.