உங்களுக்குத் தெரியுமா? தைக்காமல் காக்கப்படும் வயிறு

அறுவை மருத்துவம் பயில்வோர் அறிய வேண்டியவற்றுள் ஒன்று, அறுவைக்காகத் திறந்த வயிற்றைத் தைக்காமல் விடவேண்டிய தருணம் எது என்பதாகும். விபத்துக் காயத்தாலோ குடல் ஓட்டையால் பரவிய சீழாலோ குடல் வீங்கியிருக்கையில் வயிற்றை வலிந்து மூடினால், உள்ளழுத்தம் உயர்ந்து சிறுநீரகமும் நுரையீரலும் செயல்குன்றும். ஆகவே, 1984-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் மருத்துவர் ஒஸ்வால்டோ போர்ராயஸ் கையாண்டதுபோல, கிருமி நீக்கிய உப்புநீர்ப் பையை வெட்டி விரித்து, காயத்தின் ஓரங்களில் தைத்துக் குடலைக் காப்பர். 'பொகோட்டா பை' எனப்படும் இது விலை மலிவானது, குடலின் நிலையை வெளியிலிருந்தே காட்டுவது. வீக்கம் வடிந்தபின், வயிற்றுத் தசையைப் போர்த்திய உறுதியான நார்ப்படலத்தைப் படிப்படியாக நெருக்கி இறுதியில் தைத்து மூடுவதால், மூடாமல் காத்திருப்பதும் உயிர்காக்கும் சிகிச்சையாகிறது.