மீட்டர் சொல்லாத கணக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒருவர் 2007-ம் ஆண்டு மாடல் டொயோட்டா டண்ட்ரா பிக்கப் ஒன்றை வைத்திருந்தார். எண்ணெய் வயல்களுக்குச் சரக்கு கொண்டுசேர்ப்பது அவருடைய தொழில். 2016-ல் அந்த வண்டியின் மீட்டர் 10 லட்சம் மைலைத் தொட்டது. நம் கணக்கில் 16 லட்சம் கிலோமீட்டர். இன்ஜினும் கியர்பாக்ஸும் கம்பெனியில் பொருத்தியவைதான். டொயோட்டா அவருக்குப் புது டண்ட்ரா ஒன்றைக் கொடுத்துவிட்டு, பழையதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பதற்காக வாங்கிக்கொண்டது.

“டொயோட்டான்னா ஓடத்தானே செய்யும்” என்பார்கள் நம் ஊர் ஷெட்டில். கம்பெனிக்குச் சேர வேண்டிய பெருமை சேரட்டும். ஆனால் அந்த வண்டியின் கதையில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்பது ஆண்டுகளில் அது 117 முறை சர்வீஸுக்குப் போயிருக்கிறது. சராசரியாக நாளொன்றுக்கு 490 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவ்வளவு தூரத்தை நெடுஞ்சாலையில்தான் ஓட்ட முடியும். இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஓட்டம் அது. தூரம் அந்த இன்ஜினைத் தேய்த்ததைவிடக் காப்பாற்றியதே அதிகம்.

இந்த விஷயம் நம் பழைய வண்டிச் சந்தைக்கு இன்னும் எட்டவில்லை. ஒரே வயதுள்ள இரண்டு டீசல் பிக்கப்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி ராத்திரி முழுக்க ஓடி விடியற்காலை கோயம்பேட்டில் இறக்குகிறது. இன்னொன்று ஊருக்குள்ளேயே தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போடுகிறது. ஐந்து வருடத்தில் முன்னதன் மீட்டர் மூன்று நான்கு லட்சத்தைத் தாண்டியிருக்கும். பின்னது ஐம்பதாயிரத்திலேயே நிற்கும். புரோக்கர் பின்னதற்குத்தான் கூடுதல் விலை சொல்வார். முன்பு அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய டீசல் வண்டியில் அந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ்.

காரணம் 2020 ஏப்ரல் 1. அன்றுதான் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. வண்டியின் சைலன்சர் பாதையிலும் புதுப்புதுப் பாகங்கள் வந்து உட்கார்ந்தன. அவற்றில் முக்கியமானது டி.பி.எஃப். என்ற வடிகட்டி. முன்பு கரும்புகையாக வெளியே போன கரியை இந்த நுண்துளைப் பீங்கான் கட்டை பிடித்து வைத்துக்கொள்கிறது. நன்றாக இருக்கும் ஒரு பி.எஸ்.6 வண்டியின் சைலன்சர் வாயைத் துணியால் துடைத்தால் துணி ஏறக்குறைய சுத்தமாகவே வரும்.

பிடித்து வைத்த கரி என்னாகும்? ஓரளவு சேர்ந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். நெடுஞ்சாலையில் போகிற வண்டியில் டிரைவருக்கே தெரியாமல் இது நடந்து முடிந்துவிடும். தண்ணீர் கேன் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு தெருவுக்கு ஒருமுறை இன்ஜினை அணைக்கிறார்கள். சைலன்சர் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. எரிப்பு பாதியில் அறுந்துபோகிறது; மறுநாள் மீண்டும் தொடங்கி மீண்டும் அறுகிறது. கரி ஏறிக்கொண்டே போய், டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது. அப்போதும் கவனிக்காவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகர்வேனா என்று அடம்பிடிக்கும்.

அந்த விளக்குக்கு மருந்து பல நேரங்களில் இலவசம். புறவழிச்சாலைக்கு எடுத்துப்போய், ஒரு கியர் குறைத்து, இன்ஜின் நன்றாகச் சுற்றும்படி இருபது நிமிடம் விடாமல் ஓட்டினால் அணைந்துவிடும். வாரம் ஒருமுறை இப்படி ஓட்டுவதை ஊருக்குள் ஓடும் வண்டிக்காரர்கள் வழக்கமாக்கிக்கொண்டால் விளக்கே எரியாது. டீசல் வீண் என்று தோன்றலாம். புது டி.பி.எஃப். விலையை ஒருமுறை விசாரித்தால் அந்த எண்ணம் போய்விடும்.

பாதியில் அறுந்த எரிப்புக்கு வெளியே தெரியாத இன்னொரு விளைவும் உண்டு. அப்போது செலுத்திய கூடுதல் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, அளவோ ஏறுகிறது. காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து, “பரவாயில்லை, ஆயில் கொஞ்சம்கூடக் குறையலையே” என்று சந்தோஷப்படும் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மேல்கோட்டுக்கு மேலே ஆயில் நின்றால், குறைந்திருப்பதைப் போலவே அதுவும் கவலைக்குரிய விஷயம்.

ஆயில் வாங்குவதிலும் பழைய பழக்கம் உதவாது. சாதாரண ஆயிலில் சேர்க்கும் சில ரசாயனங்கள் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். கரி எரியும், சாம்பல் எரியாது, அது டி.பி.எஃப்.பிலேயே தங்கிவிடும். அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் சொல்கிறார்கள். கையேட்டில் சி.கே.-4 போன்ற ஏதாவது ஒரு தரக்குறியீடு அச்சிட்டிருக்கும். கேனில் அதே குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதுதான் வேலை, பிராண்டு இரண்டாம்பட்சம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதும் கையேட்டில்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு இடங்களில் இருக்கிறது. பெரிய எழுத்தில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கணக்கு. பக்கத்திலேயே சிறிய எழுத்தில், புழுதி, அதிக பாரம், மலைப்பாதை, நின்று நின்று போகும் ஓட்டம் ஆகியவற்றுக்குக் குறைந்த கணக்கு. நம் ஊர் பிக்கப்களில் அநேகமாக எல்லாமே அந்தச் சிறிய எழுத்தில் அடங்குபவை.

தொல்லை வேண்டாம் என்று டி.பி.எஃப்.பையே கழற்றி எறிந்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்ட மீறல். வாரண்டியும் அதோடு போய்விடும். தெருவில் நடக்கிற பிள்ளைகள் அந்தக் கரியைச் சுவாசிக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

சில வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் டெஃப் என்ற திரவத்துக்குத் தனித் தொட்டி உண்டு. அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது உப்புகள் நீக்கிய சுத்த நீர். யூரியாதானே என்று உர மூட்டையைப் பிரித்துக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றும் யோசனை சிலருக்கு வருகிறது. வயலுக்குப் போடும் யூரியாவிலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள உப்புகளும் கசடுகளும் டெஃபைப் பீய்ச்சும் ஊசித்துளை போன்ற முனையை அடைத்து, பின்னால் இருக்கும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். தவறுதலாக டீசல் டேங்கில் டெஃப் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடக்கூடாது. ஸ்டார்ட் செய்யாமல் டேங்கை வடித்துவிட்டால் சின்னச் செலவோடு போகும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை போய்விடும்.

அந்த இன்ஜெக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காமன் ரெயில் இன்ஜினில் டீசல் 1,600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. கார் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு. அது வெளியேறும் துளைகள் தலைமுடியின் பருமனை ஒட்டியவை. டீசலே அந்தப் பம்புக்கு மசகு எண்ணெயாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்பு குறைகிறது. தண்ணீர் கலந்தால் உலோகம் அரிக்கிறது. பழைய பிக்கப் இதையெல்லாம் குடித்துவிட்டு, புகையைக் கக்கிக்கொண்டு ஓடிப்போகும். இது ஓடாது. டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை வடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. ஃபில்டரின் விலை இன்ஜெக்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியிருந்தும் பல ஷெட்டுகளில் தள்ளிப்போடப்படும் முதல் பொருள் டீசல் ஃபில்டர்தான்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலேட்டரை உறுமவிடாமல் அரை நிமிடம் பொறுப்பதும், மேடேறி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பதும் அதற்குப் போதும்.

ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உப்புத் தண்ணீர் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்த உப்பு உள்ளே படிகிறது, அலுமினிய ஹெட்டை அரிக்கிறது. ஒரு கோடை மதியம் மேட்டில் ஹெட் கேஸ்கட் போனபிறகுதான் கூலன்ட் கேன் நினைவுக்கு வருகிறது.

இனி பாரம். பிக்கப்பில் ஒன்றரை டன் ஏற்றலாம் என்று எழுதியிருந்தால் இரண்டரை ஏற்றுவதும், வண்டி பின்னால் உட்கார்ந்துவிடாமல் இருக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போடுவதும் இங்கே சகஜம். பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆக்ஸில், பேரிங், சேஸ், கிளட்ச், பிரேக் எதற்கும் பலம் கூடிவிடுவதில்லை. அதைவிட மோசமான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கு மேலே ஒரு வால்வு இருக்கும். சேஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து அது பாரத்தை அறிகிறது. தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுகிறது, நிமிர்ந்தால் குறைக்கிறது. கூடுதல் பட்டை போட்ட வண்டி எவ்வளவு ஏற்றினாலும் தாழாது. வண்டி காலியாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு வால்வு பின் பிரேக்கைக் குறைத்துத் தரும். முழுப் பாரத்தோடு இறங்கும்போது பெரும்பாலும் முன் பிரேக்கே மாரடிக்க வேண்டியிருக்கும்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும் வண்டிக்கு பிரேக் ஆயில் எத்தனை வருடப் பழசு என்பதும் முக்கியம். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் குமிழி. குமிழி இருந்தால் பெடல் வெறுமனே இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிட்டு, இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கும் பழைய லாரிக்காரர்களின் வழக்கத்தைப் பின்பற்றினால் போதும்.

காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் மீன் ஏற்றும் பிக்கப்களுக்கு எதிரி வேறு. உருகும் ஐஸ் தண்ணீர் உப்போடு கலந்து பலகை இடுக்கு வழியாகச் சேஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். இந்த வண்டிகளில் இன்ஜினுக்கு முன்னால் சேஸ் போய்விடும். நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைத் தினமும் கழுவுவதுதான் ஒரே வழி. மேல்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை. எஃப்.சி.க்கு முந்தைய வாரம் மட்டும் பெயின்ட் அடிப்பவர்கள் துருவின் மீதே பெயின்டைப் பூசுகிறார்கள். கழுவும் வேகத்தில் பிரஷர் தண்ணீரை இன்ஜின் பக்கம் திருப்பிவிடவும் கூடாது. ஒயர் இணைப்புக்குள் ஈரம் புகுந்தால் என்னென்ன விளக்கு எரியும் என்று மெக்கானிக்கால்கூடச் சொல்ல முடியாது. காய்கறி வண்டிகளில் ஒயரைக் கடித்து அதே வேலையை எலி செய்கிறது.

பாடி கட்டும்போதும் பலகை மாற்றும்போதும் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் கேட்காமலே கழற்றுவார்கள். கழற்றாமல் வைத்த ஒரு வெல்டிங், கம்ப்யூட்டர் பெட்டியைக் காலிசெய்துவிட வாய்ப்பு உண்டு.

இந்த வேலைகளில் எதற்கும் பெரிய மெக்கானிக் தேவையில்லை. தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஒரு நாற்பது பக்க நோட்டு தேவை. பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் மீட்டருக்கு முன்னால் அந்த நோட்டையும் பில் கட்டையும் கேளுங்கள். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ரேடியேட்டரில் இருப்பது கூலன்டா, துருத் தண்ணீரா என்று பாருங்கள். ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். வண்டி இதுவரை எங்கே, என்ன ஏற்றி ஓடியது என்று கேளுங்கள். பில் இல்லாமல் ஊருக்குள் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட, பில் கட்டோடு மூன்று லட்சம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.