போர் போடும் முன் வயரைச் சோதியுங்கள்

ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்க்க மின்தடை அளக்கும் கருவியைக் கொண்டுவருவது இப்போது கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. தேங்காயையும் வேப்பங்குச்சியையும் நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். வேளாண் பொறியியல் துறையிலும் கட்டணம் செலுத்தி இந்த ஆய்வைச் செய்துகொள்ளலாம். ஆனால் கருவி காட்டும் எண் எப்போதும் நிலத்தின் எண்ணாக இருப்பதில்லை. சில நேரம் அது அறுந்த வயரின் எண்.

நேர்க்கோட்டில் நான்கு இரும்பு முளைகளை அடிக்கிறார்கள். வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கிறார்கள். வோல்ட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். முளைகளை அகற்றி அடிக்க அடிக்க, இன்னும் ஆழத்தின் நிலை தெரியவரும். தண்ணீர் கோத்த சிதைந்த பாறையில் தடை குறைவு, காய்ந்த கரும்பாறையில் மிக அதிகம். களிமண்ணும் உப்புநீரும்கூடத் தடையைக் குறைத்துக் காட்டும். அது தனிக் கதை.

வெளி முளையின் வயர் அறுந்தால் மின்னோட்டமே ஓடாது, கருவியே காட்டிக்கொடுத்துவிடும். உள் முளையின் வயர்தான் ஏமாற்றும். உறைக்குள் கம்பி அறுந்திருந்தால் வோல்ட் சரியாக வந்து சேராது. எண் நிலைகொள்ளாமல் ஆடும், அல்லது பூஜ்யத்தின் பக்கம் போய் நிற்கும். பூஜ்யத்தின் பக்கம் என்றால் குறைந்த தடை. அதைத் தண்ணீர் என்று படித்துவிடுவார்கள். அதை நம்பி நகையை அடகு வைத்து ரிக் வண்டியை அழைத்தால் புகைதான் வரும்.

இதைக் கண்டுபிடிக்க, எலக்ட்ரீசியன் வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் வயரைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வயரின் இரு நுனிகளிலும் வைத்துப் பாருங்கள். ‘பீப்’ சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. இற்றுப்போன இணைப்பிலும் அது கத்தும். எண்ணைப் பார்க்க வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 ஓம் காட்டும். மெல்லிய வயரில் கூடுதலாக இருக்கும், ஆனால் நான்கு வயருக்கும் நீளத்துக்கு ஏற்ற கணக்கில் வர வேண்டும். அளக்கும்போதே ஒட்டுப்போட்ட இடங்களையும் கிளிப்பின் கழுத்தையும் ஆட்டி இழுத்துப் பாருங்கள். எண் துள்ளினால் அங்கேதான் பழுது.

அடுத்து, இரண்டு வயர்களின் மறுநுனிகளை எதிலும் படாமல் விட்டு, இந்தப் பக்கத்து நுனிகளுக்கு இடையே அளக்க வேண்டும். எண் ஏதாவது வந்தால் உறை கிழிந்து மின்சாரம் கசிகிறது. கல்லில் இழுபட்ட வயரில், அதுவும் ஈர நிலத்தில், இது நடக்கும்.

வயர் சரியாக இருந்தும் எண் ஆடினால் முளையடியைப் பாருங்கள். கோடையில் காய்ந்த மண் முளையைப் பிடிப்பதில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி ஆழமாக அடித்தால் சரியாகும்.

சந்தேகம் தீரவில்லையா? முளைகளை அசைக்காமல், உள் வயர் ஜோடியை வெளி முளைகளுக்கும் வெளி ஜோடியை உள் முளைகளுக்கும் மாற்றி இணைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். தடை ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம், நல்ல ஆய்வாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கருவி ஓடும்போது மட்டும் யாரும் முளையைத் தொடக் கூடாது. சில கருவிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் பாயும். ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் வயர் போகும் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள்.